எத்திராஜ் ஒப்புக்கொண்ட பிறகு

கீழ்க்கட்டளை இலக்கியச் சாரலில் ஒரு நாவலுக்கு நயவுரை ஆற்றுவது என்றால், அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை மேடையிலேயே சொல்லித் தீர்த்துவிடுவது என்று பொருள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஓடிப்போன தம்பி திரும்பி வந்தானா, பாகப்பிரிவினை என்னவாயிற்று, எதையும் பாக்கி வைக்கமாட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒரு நாவல் படித்த திருப்தி. சொன்னவருக்கு ஒரு சால்வை. புத்தகம் விற்கவில்லையே என்று எழுதியவர் மட்டும் கொஞ்சம் முகம் வாடுவார். அவரையும் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுவார்கள்.

இந்த முறையைத் தொடங்கிவைத்தவர் சாரலின் தலைவர் ஸ்ரீரங்கன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை யாரும் படித்துவிடாமல் பார்த்துக்கொண்டவர், ஓய்வுக்குப் பிறகு ஊரையே படிக்கவைக்கும் தொண்டில் இறங்கியிருந்தார். ‘இலக்கியச் செம்மல்’ என்று ஒரு பட்டமும் உண்டு. சாரல் வழங்கியது. வழங்கிய கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை.

போன மாதக் கூட்டத்தில் அவருக்கு ஒரு முள் தைத்துவிட்டது. காப்பி நேரத்தில் செயலாளர் ராகவேந்திரா, நாலு பேர் காதில் விழும்படியாக, “தலைவர் முன்னுரையை ரொம்ப நல்லாப் படிச்சிருக்கார்” என்று பாராட்டினார். பாராட்டு என்பதால் பதில் சொல்ல வழியில்லை. அடுத்த மாத நாவலைக் கடைசி வரிவரை சொல்லிக் காட்டுவது என்று அன்றே ஸ்ரீரங்கன் முடிவு கட்டினார்.

அடுத்த மாத நாவல் ‘ஆறாவது கேன்’. எழுதியவர் செல்வமேரி. பீர்க்கன்கரணையில் வீடு, பெருங்களத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, இதுதான் முதல் புத்தகம். மதுராந்தகம் பக்கம் ஒரு கற்பனைக் கிராமத்தில் கதை நடக்கிறது. விடியற்காலையில் பால் சொசைட்டி வாசலில் பெண்கள் பாலோடு நிற்கிறார்கள். சொசைட்டிச் செயலாளர் தணிகாசலம் வரவில்லை. ஐந்து கேன்கள் வரிசையாக இருக்கின்றன, ஆறாவதைக் காணோம். பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துப் பார்க்கிறான். கொஞ்சம் தள்ளி ஒரு வயல் கிணற்றில் தணிகாசலம் மிதக்கிறார். கிணற்றுச் சுவர்மேல் அவருடைய டார்ச் லைட் நிமிர்ந்து நிற்கிறது, அணைந்து.

படிக்கலாம் என்று உட்கார்ந்தபோது ஸ்ரீரங்கனுக்குக் கண் புரை ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. கூட்டத் தேதி தாண்டும்வரை புத்தகம், செல்போன் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொறுப்பு மனைவி வேதாவிடம் வந்தது.

வேதா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு விஷயங்கள் அந்த வேலையில் அவருக்குப் படிந்துவிட்டன. குரலை உயர்த்தாமலே எதிர்முனை வரைக்கும் கேட்கும்படி பேசுவது. அடுத்தவர் விஷயம் காதில் விழுந்தாலும் விழாததுபோல் இருந்துவிடுவது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு நடந்தது. ஸ்ரீரங்கன் சோபாவில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருப்பார். வேதா நாற்காலியில்.

“நிறுத்து. இங்க மண்வாசனை வருது பாரு. குறிச்சுக்கோ.”

“மண்ணே இல்லை. சிமெண்ட் களம்னு போட்டிருக்கு.”

“அது ஒரு வாசனை, வேதா. உனக்குப் புரியாது. மேல படி.”

மாடு வந்தால் மண்வாசனை, கிணறு வந்தால் மண்வாசனை, யாராவது யாரையாவது திட்டினால் அசல் மண்வாசனை. கீழ்க்கட்டளைக்கு வரும்வரை, தாத்தா காலத்திலிருந்து திருவல்லிக்கேணியை விட்டு நகராத குடும்பம் அவருடையது. கிராமம் என்பது ரயில் ஜன்னலுக்கு வெளியே பின்னோக்கி ஓடுகிற ஒன்று என்ற அளவில்தான் பழக்கம்.

முதல் இரண்டு அத்தியாயங்களை வேதா அரசாங்க அறிவிப்பு வாசிப்பதுபோல வாசித்தார். மூன்றாவதில் குரல் தானாகவே தாழ்ந்தது. அந்த ஊரில் ஆளாளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஆளாளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் இருந்தது. பால் ஊற்ற வருகிற பெண்கள் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்க்காமல் நிற்கிற இடத்தை வாசித்துவிட்டு வேதா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “என்ன, கரெண்ட் போயிடுச்சா?” என்றார் ஸ்ரீரங்கன்.

ஊர்க்கூட்டம் நடக்கிற அத்தியாயத்தில், தணிகாசலத்தின் மச்சான் எத்திராஜ் எழுந்து நின்று, “நான்தான் தள்ளினேன்” என்கிறான். ஊர் முதலில் நம்பவில்லை. ஆனால் மாடு கறக்க நேரமாகிக்கொண்டிருந்தது. ஒருவர் தலையாட்டினார். பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் எட்டாம் அத்தியாயத்துலயே சொன்னேனா இல்லியா? மச்சான்னு ஒருத்தன் கதைக்குள்ள வந்தாலே அவன்தான்.”

“எங்க அண்ணன் அச்சுதனையும் சேர்த்துச் சொல்றீங்களா?”

“பொதுவாச் சொன்னேன். சரி, மூடு புத்தகத்தை.”

“இன்னும் முப்பது பக்கம் இருக்கே.”

“கிராமத்து நாவல்னா கடைசியில வட்டாரச் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் போட்டிருப்பாங்க. நமக்கு வேண்டாம்.”

“அர்த்தம் இல்லை, அத்தியாயம்தான்.”

“அப்போ அழுகையா இருக்கும். கொலைகாரன் ஆம்ப்ட்டுக்கிட்டப்புறம் என்ன இருக்கு? வாசகன் நான், நீ குரல் மட்டும் குடு.”

வேதா அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசிக்கத்தான் செய்தார். அரைப் பக்கம் போவதற்குள் சோபாவிலிருந்து குறட்டை கிளம்பியது. குரல் எழுந்து சமையலறைக்குப் போனது.

அங்கே, நின்றபடியே, அந்த முப்பது பக்கத்தையும் படித்தார். ராத்திரிக்கு வைத்த ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. முடிந்ததும் புத்தகத்தை மூடவில்லை. முதல் அத்தியாயத்துக்குத் திருப்பி, கிணற்றுச் சுவரில் டார்ச் நிற்கிற வரியை மறுபடி பார்த்தார். யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் இருந்த ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார்.

அதற்குள் ஸ்ரீரங்கனின் செல்போன் அடித்தது. வேதா எடுத்தார்.

“அம்மா, நான் செல்வமேரி பேசுறேன். சாருக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னாங்க. நல்லா இருக்காரா?”

“வாயில ஒண்ணும் ஆபரேஷன் பண்ணலியே. நல்லாத்தான் இருக்கார்.”

அந்தப் பக்கம் சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு தயக்கம். பிறகு, “ஒரே ஒரு விஷயம் கேக்கணும்மா. தப்பா நினைக்கக் கூடாது. கோவிலம்பாக்கத்துல ஒரு வாசகர் வட்டத்துல பேசினவர், யாருன்னு பேரோட சொல்லிட்டார். அங்க அப்புறம் ஒருத்தரும் புத்தகத்தைத் தொடலை. ஒரு அம்மா எங்கிட்டயே வந்து, நல்லவேளை நேரம் மிச்சம்னாங்க. டூட்டி முடிஞ்சு வந்து வருஷக்கணக்கா உக்காந்து எழுதினதும்மா. அந்தக் கடைசி முப்பது பக்கத்துக்காகத்தான் முன்னாடி உள்ளது எல்லாமே. சார்கிட்ட அதை மட்டும் சொல்ல வேண்டாம்னு...”

“சொல்லிப் பாக்கிறேன்மா” என்றார் வேதா.

சொல்லியும் பார்த்தார். ஸ்ரீரங்கன் அதைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். “நல்ல பொண்ணு. ஆனா முடிவைச் சொல்லலேன்னா முடிவைப் படிக்கலேன்னு ஆயிடும். ராகவேந்திரா முன் வரிசையில உக்காந்து சிரிப்பான்.”

“எத்திராஜ்னு உங்களுக்கு நிச்சயம்தானே?”

“அவனே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

அந்த இடத்தில் வேதா வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் இவருக்குச் சரியான பெயர் தெரிந்துவிடும். தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அது மைக்கில் ஏறிவிடும். தவறான பெயரைச் சொல்லட்டும், சரியான பெயர் பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். கூட்டத்தில் யாராவது உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தால் கணவருடைய மானம் போய்விடும். ஆனால் இத்தனை வருஷத்தில் சாரலுக்கு அப்படி யாரும் படித்துவிட்டு வந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

“சொட்டு மருந்து போடற நேரம்” என்று எழுந்து போனார்.

குடியிருப்போர் சங்கத்து மாடிக் கூடத்தில் ஞாயிறு காலைக் கூட்டம். பின்னால் பேனர். அதில் ஸ்ரீரங்கன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். நாவலாசிரியர் ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி ஸ்ரீரங்கனுக்கு மேடையில் வழக்கத்தைவிடக் கூடுதல் கம்பீரம் கொடுத்தது. செல்வமேரிக்குப் போர்த்திய சால்வையில் ரசகற்பூர வாசனை வந்தது. வேதா தன் வீட்டு பீரோவின் வாசனையை அடையாளம் கண்டுகொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கனுக்குக் கதை சொல்ல வரும். பால் வண்டியின் ஹாரனை அவர் வாயாலேயே அடித்தார். ஆறாவது கேனைக் காணோம் என்றபோது, கேசரித் தட்டோடு உள்ளே வந்தவர் கதவோரமே நின்றுவிட்டார். மைக் செட் ஆல்வின்கூட செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். இடையிடையே மண்வாசனையும் வந்துபோயிற்று.

“ஆக, தணிகாசலத்தைக் கிணற்றில் தள்ளியது யார்?” ஸ்ரீரங்கன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “சொல்லட்டுமா?”

“சொல்லுங்க சார்” என்று நாலைந்து குரல்கள்.

செல்வமேரி கண்ணை மூடிக்கொண்டார்.

“மச்சான் எத்திராஜ்.”

கை தட்டினார்கள். செல்வமேரி கண்ணைத் திறந்தார். முதலில் ஸ்ரீரங்கனைப் பார்த்தார், பிறகு கூடத்தைப் பார்த்தார். யாராவது ஒருவர் நெற்றியைச் சுருக்குவார், பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதாவது சொல்லுவார் என்று வரிசை வரிசையாகத் தேடினார். ஒருவரும் அசையவில்லை. தன் முடிவு தப்பித்துவிட்டது என்பதும், தன் புத்தகத்தை இங்கே ஒருவரும் படிக்கவில்லை என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் தெரிந்திருக்க வேண்டும். எதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

அடுத்து ராகவேந்திரா எழுந்தார். வேதா புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இவர் படித்திருந்தால் தீர்ந்தது.

“நானும் இந்த நாவலை எழுத்து விடாமல் படித்தேன். எத்திராஜ்தான் என்று தெரிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறவுக்குள்ளேயே பகை. நம் சமூகத்தின் ஆறாத புண். தலைவர் சொன்ன முடிவை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.”

ஒரு கொலைகாரனை முன்மொழிந்து வழிமொழிந்த இலக்கியக் கூட்டம் அந்தப் பக்கத்தில் அதுதான் முதலாவதாக இருக்கும். கூடத்தில் தலைகள் ஆடின. வெளியே போண்டா எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்டது. மாடு கறக்க நேரமாகிக்கொண்டிருந்த ஊரை வேதா நினைத்துக்கொண்டார். அந்த ஊர்க்கூட்டத்திலும் விஷயம் முழுசாகத் தெரிந்த ஒருவர் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வேதா உட்கார்ந்திருந்ததும் பின்வரிசைதான்.

ஏற்புரையில் செல்வமேரி, “சார் நான் எழுதினதைவிட நல்லாச் சொன்னாங்க. எல்லாருக்கும் நன்றி. மீதியை நீங்க படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மீதி என்ன மீதி என்று யாரும் கேட்கவில்லை. போண்டா வந்துவிட்டது.

கூடத்தின் வாசலில் ஒரு மேஜைமேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர் நித்யஸ்ரீ ஒன்றை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு வேதாவிடம் திரும்பினார்.

“நல்ல கதை ஆன்ட்டி.”

“வாங்கலியா?”

“அதான் மாமா முழுசாச் சொல்லிட்டாரே. அவங்களைவிட நாம என்ன படிச்சுடப் போறோம்?”

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஆல்வின், “எத்திராஜ்னு சொன்னாரு பாருக்கா, அதோட மேட்டர் க்ளோஸ்” என்றான்.

அப்போதுதான் வேதாவுக்குக் கணக்கு உதைத்தது. பெயர் சரியா தவறா என்பது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏதோ ஒரு பெயர் கிடைத்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். முப்பது பக்கத்தைக் காப்பாற்றப் போய் மொத்தப் புத்தகத்தையும் கிணற்றில் தள்ளியாயிற்று.

செல்வமேரி புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். முதுகுகள் ஒரே பக்கம் பார்க்க, பழகிய கையால் அடுக்கினார். இரண்டடி தள்ளி ஸ்ரீரங்கன் போண்டாவோடு ராகவேந்திராவை மடக்கி வைத்திருந்தார். “என்ன ராகவேந்திரா, இந்தத் தடவை முன்னுரையோட நிறுத்தலை பாத்தீங்களா?”

வேதா கணவருடைய முதுகைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

“எத்திராஜ் இல்லைம்மா” என்றார் நித்யஸ்ரீயிடம். எக்ஸ்சேஞ்ச் குரல். உயரவில்லை. கூடத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. “அவன் பொய் சொல்றான். அதுக்கப்புறம் இன்னும் முப்பது பக்கம் இருக்கு. நான் படிச்சுக் காட்டினப்போ இவர் தூங்கிட்டார்.”

போண்டா பாதி வாயிலும் பாதி கையிலுமாகக் கூடம் நின்றது. ராகவேந்திராவின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. தான் வழிமொழிந்தது நினைவுக்கு வந்து, பாதி வழியிலேயே அது படுத்துக்கொண்டது. “எனக்கும்கூட லேசா ஒரு சந்தேகம் இருந்துது” என்றார் யாரையும் பார்க்காமல்.

“அப்போ யாருக்கா?” ஆல்வின் வயரைக் கீழே போட்டான்.

“வாங்கிப் படி.”

“இன்னாக்கா இது, பேஜாரா கீதே. அவன் இல்லன்னு சொல்லிட்டு ஆளைச் சொல்லாம வுட்டா வூட்டுக்குப் போய் சோறு எப்புடி எறங்கும்?”

நித்யஸ்ரீ, வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்தார். அவருக்குப் பின்னால் கை நீண்டது, அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாமே இலக்கிய ஆர்வம் என்று சொல்லிவிட முடியாது. தலைவர் எவ்வளவு தூரம் தவறினார் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கணிசமாக இருந்தது. ராகவேந்திரா ஒரு பிரதி வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். செல்வமேரி பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். “முதல்லேருந்து சார்.”

பிறகு வேதாவின் பக்கம் திரும்பினார். “முழுசாப் படிச்சீங்களாம்மா?”

“ரெண்டு தடவை. அந்த டார்ச்...”

“ஆமாம்மா, அந்த டார்ச்” என்றார் செல்வமேரி. இருவரும் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். ஸ்ரீரங்கன் வழக்கமாக ஒரு வீடு தள்ளி ஒரு வீட்டுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே போகிறவர். அன்று நேராகப் பார்த்து நடந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடிற்று என்று தெரியவில்லை. தங்கள் கேட்டருகில் வந்ததும் நின்றார்.

“தெரிஞ்சேதான் மேடையேற விட்டியா?”

“ஆமாம்.”

“ஏன்? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க சொல்லிடுவீங்க.”

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். கேட் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். “சொல்லியிருப்பேன்” என்றார்.

சாப்பாடு முடிந்தது. ஸ்ரீரங்கன் சோபாவில் சாயவில்லை, உட்கார்ந்தார்.

“யாருன்னு மட்டும் சொல்லிடு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“மாட்டேன்.” வேதா சொட்டு மருந்து விட்டார். “கண்ணை மூடிக்கோங்க. தூங்கினா நிறுத்திடுவேன். நாளைக்குத் தொடரவும் மாட்டேன்.”

எத்திராஜ் ஒப்புக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்து வாசித்தார். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, வெகுநேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பால் சொசைட்டியின் களம் வந்தது, மாடு வந்தது, அந்தக் கிணறு மறுபடி வந்தது. மண்வாசனை என்று யாரும் சொல்லவில்லை. ஓரிடத்தில் ஸ்ரீரங்கனின் கை நாற்காலியை நோக்கி நீண்டு, வாசிக்காதே என்பதுபோல் நின்று, பிறகு மடிக்குத் திரும்பியது. வேதா நிறுத்தாமல் வாசித்தார்.

கடைசி வரி முடிந்தது. அவர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

“அந்த டார்ச்” என்றார்.

“ம்.”

“அணைஞ்சு கிடந்துதுன்னு முதல் பக்கத்துலயே சொல்லிட்டா.”

“நின்னுதுன்னு சொன்னா.”

“ஆமாம். நின்னுது.” அதை அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “காதுல விழத்தானே செஞ்சுது. அந்த ஊர்க்கூட்டத்துல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான்...” முடிக்கவில்லை. “முதல்லேருந்து படி.”

வேதா புத்தகத்தைப் புரட்டி முதல் அத்தியாயத்துக்கு வந்தார். வெளிச்சம் வருவதற்கு முன்பே பெண்கள் வந்து நின்றிருந்தார்கள் என்று தொடங்கியது அது. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் ஸ்ரீரங்கன் கையை உயர்த்தினார்.

“நிறுத்து.”

குறித்துக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று வேதா காத்திருந்தார்.

“ஒண்ணுமில்லை. கொஞ்சம் மெதுவாப் படி.”